தண்டனை பற்றிய கேள்வியை மறுநாள் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை போரூர் அருகே 2017-இல் கொல்லப்பட்ட சிறுமியின் வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விடுதலை செய்தது. அந்தச் செய்தி வந்த காலையில் எங்கள் ஊர் டீக்கடையில் கோர்ட்டைத் திட்டாதவர்கள் இல்லை. அந்தக் குழந்தையைப் பெற்றவர்களை நினைத்து எனக்கும் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. ஆனாலும் கூடச் சேர்ந்து திட்ட எனக்கு வாய் வரவில்லை. அரசுத் தரப்பு சாட்சியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குற்றத்தை நிரூபிக்கவில்லை என்பதுதான் விடுதலைக்கு முதல் காரணம். அதோடு இன்னொன்றையும் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருந்தது. குற்றச்சாட்டு வனையப்பட்ட அன்று எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வக்கீல் இல்லை. பிறகு இலவச வக்கீல் நியமித்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி என்று சொன்ன அன்றே தூக்கும் சொல்லப்பட்டுவிட்டது.

இந்த மூன்றும் எனக்குப் புதிய செய்தி இல்லை. நான் 31 வருடம் நீதித்துறையில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் 11 வருடம் தென்மாவட்டத்து செஷன்ஸ் கோர்ட் ஒன்றில் பெஞ்ச் கிளார்க். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, கூண்டில் நிற்பவரின் முகத்தை ஏழெட்டு அடி தூரத்திலிருந்து பார்த்தவன். தண்டனை வாரண்டுகளைத் தட்டச்சு செய்து முத்திரை வைத்து எஸ்கார்ட் போலீசிடம் கொடுத்தவன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தீர்ப்பு நாளில் நடப்பது இதுதான். "உன்மேல் சாட்டப்பட்ட குற்றம் சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. தண்டனை குறித்து என்ன சொல்லிக்கொள்கிறாய்?" என்று நீதிபதி கேட்பார். சட்டப்படி கேட்டே ஆகவேண்டிய கேள்வி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 235(2), அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). கூண்டில் நிற்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே காது அடைத்துப்போயிருக்கும். இரண்டாவது வாக்கியம் அவர் காதில் விழுவதில்லை. பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது ஒன்றேதான்: "நான் ஒரு தப்பும் செய்யலய்யா." கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, இதற்கு முன் வழக்கு உண்டா, உடம்புக்கு என்ன, யாருடைய சம்பாத்தியத்தில் அடுப்பு எரிகிறது என்பதையெல்லாம் அங்கே சொல்லலாம், ஆவணமே தாக்கல் செய்யலாம் என்று அவருக்குத் தெரியாது. "தான் நிரபராதி என்றும் குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்" என்று ஸ்டெனோ எழுதிக்கொள்வார். கூண்டு கைப்பிடியை அவர் விடுவதற்கு முன்பே கடைசிப் பத்தி வாசித்து முடிந்திருக்கும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்திற்குள் முடிந்தவை.

நான் குறை சொல்லும் இந்த ஐந்து நிமிடத்தை உச்ச நீதிமன்றம் எப்போதோ குறை சொல்லிவிட்டது. 1973 சட்டத்தில் இந்தப் பிரிவு புதிதாக வந்தது. 1976-லேயே பஞ்சாபிலிருந்து போன சாந்தா சிங் வழக்கில், தண்டனை பற்றிய விசாரணை வெறும் சடங்கு இல்லை என்று சொல்லி, தூக்கை ரத்து செய்து, தண்டனையை மறுபடி முடிவு செய்யக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1989-இல் பீகார் வழக்கு ஒன்றில், குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனைக்குப் பொதுவாக இன்னொரு தேதி கொடுப்பதே சரி என்றார்கள். 2022-இல் இந்தப் பொருளையே ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். அவை தூக்கு வழக்குகள், அதனால் டெல்லி வரை போயின, பேப்பரில் வந்தன. ஏழு வருடம், பத்து வருடம் என்று போகிற கொத்தனார் கையாளையும் லாரி கிளீனரையும் பற்றி எழுத ஆள் இல்லை.

அப்படி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ஊரையும் கோர்ட்டையும் சொல்லப்போவதில்லை.

கோயில் கொடையில் ஒரு சண்டை. வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, பந்தல் கயிறு கட்டியதில் ஆரம்பித்த வாய்த்தகராறு. ஒருவர் செத்துப்போனார், ஒருவருக்குக் கையில் வெட்டு. எதிரிக்கு வயது 23. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்காமல் 14 மாதம் ரிமாண்டில் இருந்தார். கொலைக் குற்றச்சாட்டு கடைசியில் 304 இரண்டாம் பாகமாக, அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக, குறைந்தது. அதற்கு ஏழு வருடம் கடுங்காவல். கொலை மிரட்டலுக்கு இரண்டு வருடம். காயப்படுத்தியதற்கு ஒரு வருடம்.

விசாரணையில் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். சாட்சிகள் முடிந்த பிறகு எதிரியிடம் நீதிபதி நேரடியாகக் கேட்கும் கேள்விகள் உண்டு, பழைய நடைமுறைச் சட்டத்தின் 313-ஆம் பிரிவு. இப்போது அது 351. தனக்கு எதிராக வந்த ஒவ்வொரு சங்கதிக்கும் அவர் விளக்கம் சொல்ல சட்டம் கொடுக்கும் வாய்ப்பு அது. எதிரியிடம் கேட்காத சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984-இல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில், முன்பே தயாரான தாளில், "அ.சா.1 முதல் அ.சா.5 வரை இவ்வாறு சாட்சியம் அளித்துள்ளார்கள், என்ன சொல்கிறாய்?" என்று அரசுத் தரப்பு சாட்சிகள் ஐந்து பேர் சொன்னதை ஒரே மூச்சில் வாசிப்போம். அவர் "பொய்" என்பார். அடுத்த கேள்வி. "பொய்." அந்தப் பையனுடைய இடது மணிக்கட்டில் ஆறு தையல் போட்ட தழும்பு இருந்தது. அதே சண்டையில் பட்ட வெட்டு. கையெழுத்து வாங்கும்போது தாளை அந்தக் கையால்தான் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். என் கண்ணுக்கு நேரே இருந்தது அந்தத் தழும்பு. அது எப்படி வந்தது என்று அந்தத் தாளில் ஒரு கேள்வியும் இல்லை. அவருடைய காயச் சான்றிதழ் சான்றாவணமாகக் குறியிடப்படவும் இல்லை. யார் முதலில் வெட்டியது என்று முடிவு செய்ய அந்தத் தழும்பு உதவியிருக்குமோ என்னவோ. தண்டனையை எடை போடவாவது உதவியிருக்கும்.

தீர்ப்பு சொன்னது நீதிபதிக்கு அந்தக் கோர்ட்டில் கடைசி வாரம், மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தீர்ப்புகள் அடுக்கடுக்காக முடிந்துகொண்டிருந்தன. மாலை ஐந்தேகால் மணிக்கு இந்தத் தீர்ப்பின் கடைசிப் பக்கம் கையெழுத்துக்கு என் மேசைக்கு வந்தது. படித்தேன். இரண்டு வரிகள் இல்லை.

வழக்கமாகக் கடைசியில் வரும் வரிகள் அவை. ஒன்று, "மேற்படி தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்." மற்றது, "எதிரி ஏற்கெனவே நீதிமன்றக் காவலில் இருந்த காலம் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ளப்பட வேண்டும்." ரிமாண்ட் காலத்தைக் கழிப்பது நீதிபதி மனமிரங்கித் தரும் சலுகை இல்லை. பழைய நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு கொடுக்கிற உரிமை. ஆனால் ஜெயிலில் வாரண்டில் எழுதியதைத்தான் பார்ப்பார்கள். முதல் வரி இன்னும் கனமானது. பழைய 31-ஆம் பிரிவின்படி, ஏககாலத்தில் என்று கோர்ட் சொல்லாவிட்டால் தண்டனைகள் ஒன்று முடிந்து ஒன்று என்று போகும். ஏழும் இரண்டும் ஒன்றும் பத்து. அந்த ஒரு வரி இல்லாததற்கு விலை மூன்று வருடம்.

எனக்குத் தெரிந்தது. கையெழுத்தாகும் முன்பே தெரிந்தது. கையெழுத்தாகிவிட்டால் எழுத்துப் பிழை, கூட்டல் பிழை தவிர வேறெதையும் அதே கோர்ட் திருத்த முடியாது என்பதும் தெரியும். சேம்பருக்குள் போய் "ஐயா, இந்த இரண்டு வரி" என்று கேட்டிருக்கலாம். ஒருவேளை வேண்டுமென்றே விட்டிருப்பாரோ என்று நினைத்தேன். வெளியே எஸ்கார்ட் போலீஸ் இரண்டு பேர், லாக்கப் அடைக்கும் முன் ஜெயில் கேட்டுக்குப் போக வேண்டுமே என்று மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாரண்டை அடித்தேன். தீர்ப்பில் இருந்ததை இருந்தபடி அடித்தேன். முத்திரை வைத்தேன். அலுவலக விதிப்படி நான் செய்தது சரி. இத்தனை வருடம் கழித்தும் அந்த மாலையை நினைத்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

அந்தப் பையனின் அம்மா கோர்ட்டுக்கு மறுபடி வந்தது நாலாவது வருடம். பனங்கிழங்கு விற்கிற அம்மா. மஞ்சள் பையில் தீர்ப்பு நகலைப் பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். "ஏழு வருசம்னுதானய்யா அன்னைக்குச் சொன்னாவ. மனு பாக்கப் போனா, ஜெயில்ல பத்துன்னு சொல்லுதாவ. பெறகு என்ன வழக்கு போட்டாவ எம்புள்ள மேல?" என்று கேட்டார். புதிய வழக்கு ஏதோ சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அவரிடம் இருந்த நகல் இங்கிலீஷில் இருந்தது. நாலு வருடமாக அதை வாசித்துச் சொல்ல அவருக்கு யாரும் கிடைக்கவில்லை. வராந்தா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். எழுதாமல் விட்ட வரியை எப்படி வாசித்துக் காட்டுவது? "இந்த இடத்துல ஒரு வரி வந்திருக்கணும்மா, வரல" என்று தாளில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த அம்மா என் விரல் இருந்த வெற்றிடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே வளாகத்தில்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். கூட்டிக்கொண்டு போய் விட்டேன். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் கெடு, அது போய் மூன்று வருடம் தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்க முதலில் ஒரு மனு, அது முடிந்து அப்பீல் கோப்பில் ஏறி, கீழ்க்கோர்ட் பதிவுகள் மதுரைக் கிளைக்குப் போய், அவற்றின் தட்டச்சு நகல் தொகுப்பான டைப் செட் தயாராகி, கேஸ் லிஸ்டில் வந்து வாதம் முடியக் கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆனது. இலவச வக்கீலாக வந்தவர் ஒரு இளம்பெண். அந்தத் தழும்பைப் பற்றியும் வாதாடினார் என்று கேள்விப்பட்டேன். குற்றத்தீர்ப்பு நிலைத்தது. தண்டனைகள் ஏககாலத்தில் என்றும், 14 மாதத்தைக் கழிக்க வேண்டும் என்றும், வேறு வழக்கு இல்லாவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும் என்றும் உத்தரவு.

கணக்குப் பாருங்கள். ஏழு வருடம் என்பது 84 மாதம். 14 போக 70. தீர்ப்புக்குப் பிறகு அவர் உள்ளே இருந்தது 79 மாதம். நன்னடத்தைக் கழிவைச் சேர்க்காமலே ஒன்பது மாதம் கூடுதலாக இருந்திருக்கிறார். எந்தக் குற்றத்துக்கும் சேராத ஒன்பது மாதம். அந்த அம்மா வந்திருக்காவிட்டால் இன்னும் 41 மாதம் இருந்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்கு இழப்பீடு உண்டா என்றால் தனிச் சட்டம் எதுவும் இல்லை. தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், தூக்கு விதிக்கப்பட்டவரை 2025 ஜூலையில் விடுதலை செய்தபோது, தவறாகச் சிறையில் இருந்தவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டுமா என்பது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று உச்ச நீதிமன்றமே எழுதியது.

செத்துப்போனவருடைய குடும்பத்தை நான் மறந்து பேசவில்லை. அவருடைய மனைவியும் அதே வராந்தாவில்தான் வாய்தாவுக்கு வாய்தா வந்து உட்கார்ந்திருந்தார், இடுப்பில் குழந்தையோடு. "எப்ப முடியும் சார்?" என்று அவரும் என்னைத்தான் கேட்பார். அவசரமாக முடிக்கும் வழக்குகள் உண்மையில் முடிவதில்லை. மத்தியப் பிரதேசம் கண்ட்வாவில் 2013-இல் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், குற்றச்சாட்டு வனைந்து இரண்டு வாரத்துக்குள் தூக்கு. வக்கீல் நியமித்ததும் குற்றச்சாட்டு வனைந்ததும் ஒரே நாளில். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்கில் குறைந்தது பத்து வருட அனுபவம் உள்ள வக்கீலைத்தான் இலவச உதவிக்கு நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. மறுவிசாரணையில் மறுபடி தூக்கு, மறுபடி மேல்முறையீடு, மறுபடி விசாரணை, கடைசியில் 2024-இல் விடுதலை. இரண்டு வாரத்தில் முடித்த வழக்கு 11 வருடம் நடந்தது. அந்தக் குழந்தையைப் பெற்றவர்களும் அந்த 11 வருடமும் கோர்ட்டில்தானே கிடந்திருப்பார்கள்? போரூர் குழந்தையின் பெற்றோருக்கும் நடந்தது இதுதான். முதல் கோர்ட்டில் நிதானமாகச் செய்திருக்க வேண்டியதை அங்கே செய்யாததால், எட்டு வருடம் கழித்து அவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நீதிபதிகளைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. நான் வேலை பார்த்தவர்களில் பலர் ராத்திரி பத்து மணி வரை சேம்பரில் உட்கார்ந்து எழுதியவர்கள். களைப்பில் ஒரு வரி விடுபடும். தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில் ஒவ்வொரு கொலைக்கும் ஓர் ஆயுள் தண்டனை என்று விதித்து, ஒன்று முடிந்து ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார்கள். மனிதனுக்கு ஆயுள் ஒன்றுதான், ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக ஆயுள் தண்டனை இருக்க முடியாது என்று சொல்ல 2016-இல் ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றத்தையும் தாண்டிப்போன பிழை அது. கீழே ஒரு கோர்ட்டில் மாலை ஐந்தேகால் மணிக்கு நடந்ததைப் பிழை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, அதில் என் கையும் இருக்கிறது.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 25-ஆம் பிரிவு, குற்றத்தின் கடுமையைப் பார்த்து, தண்டனைகள் ஏககாலத்திலா ஒன்றன்பின் ஒன்றா என்று கோர்ட் கட்டாயம் உத்தரவிட வேண்டும் என்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பழைய சட்டத்தில் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர்களின் வாரண்டுகளை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு மத்தியச் சிறையிலும் சட்ட உதவி மையம் இருக்கிறது. ஒரு வக்கீலும், கோர்ட் வேலை தெரிந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவரும் உட்கார்ந்தால் ஒரு நாளில் ஐம்பது வாரண்டாவது பார்க்கலாம். கூப்பிட்டால் நான் வருவேன். பஸ் காசு கூட வேண்டாம்.

இன்னொன்று, தண்டனை பற்றிய கேள்வியைக் குற்றத்தீர்ப்புக்கு மறுநாள் கேட்கட்டும். பெரிய வழக்கு, சின்ன வழக்கு என்று பார்க்காமல், சிறைக்கு அனுப்பும் எல்லா வழக்கிலும். தாமதம் என்பார்கள். மூன்று வருடம் நடந்த வழக்கில் ஒரு ராத்திரி தாமதமே இல்லை. அந்த ராத்திரியில் வக்கீல் அவரைப் பார்த்துப் பேசலாம், வீட்டார் ரேஷன் கார்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து வரலாம், காது அடைத்தவருக்குக் காது திறந்திருக்கும். செத்தவருடைய மனைவிக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், அவரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கடைசிப் பத்தியைத் தமிழில், "மொத்தம் இவ்வளவு வருடம், ரிமாண்ட் இவ்வளவு கழியும், அபராதம் கட்டாவிட்டால் இவ்வளவு கூடும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றட்டும்.

இதை வாசிக்கிறவர்களில் யாருடைய வீட்டிலாவது ஒருவர் தண்டனை பெற்று உள்ளே இருந்தால், தயவுசெய்து தீர்ப்பு நகலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சிறைத்தண்டனை விதித்ததும் அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலீஷில் இருந்தால் தமிழில் கேட்டு மனு கொடுக்கலாம். ஏககாலத்தில் என்ற வார்த்தையும், காவலில் இருந்த காலத்தைக் கழிக்கும் வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். உள்ளே இருப்பவரே ஜெயில் அதிகாரி மூலமாகவும் அப்பீல் அனுப்பலாம். 60 நாள் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்த அம்மா போனது நாலாவது வருடத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
தென்காசி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பையன் இப்போது கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு வெளியூரில் கொத்தனார் வேலை பார்க்கிறார்.)